மறதியும் ஏடும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் சென்றால் அலுவிகாரை என்னும் பழம்பதி வரும். பெரும் பாறைகளின் இடுக்கில் அமைந்த குகைக் கோயில் அது. கி. மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பிக்குமார் அங்கே கூடிப் பாளி மொழியிலுள்ள திரிபிடகத்தை முதன்முறையாக ஏட்டில் எழுதி வைத்தனர் என்பது இந்நாட்டு மரபு. அதற்கு முன்னர் அந்நூற்றொகுதி முழுவதும் மனிதருடைய நினைவிலேயே வாழ்ந்து வந்தது. ஆசான் ஓத, மாணாக்கன் கேட்டு மனனம் செய்தான். அவன் ஆசானாகிய பின் தன் மாணாக்கனுக்கு ஓதினான். பஞ்சமும் போரும் வந்து, மனனம் செய்தோர் தொகை குன்றத் தொடங்கவே, நினைவை மட்டும் நம்பியிருத்தல் தகாதெனக் கண்டு அவர்கள் எழுத்தாணியைக் கையில் எடுத்தனர்.

நினைவு அழியத்தக்கது, ஆதலின் அதனை ஏட்டில் ஏற்ற வேண்டும். அலுவிகாரை உணர்த்தும் இவ்வுண்மை இன்றைய பேச்சுக்கு இரு வகையிற் பொருந்துகின்றது. முதுமையில் மனிதனின் நினைவை அழிக்கும் நோய் ஒன்று உண்டு. அந்நோயை ஆராய்வோர் தாம் கண்டவற்றைப் பிறர் சோதித்துப் பார்க்குமாறு எழுதி வைக்கும் முறையும் ஒன்று உண்டு. ஓர் ஆராய்ச்சியாளர் ஆண்டுதோறும் வெளியிட்ட கட்டுரைகளின் வரிசையை எவ்வாறு படிப்பது என்று அறிந்துகொண்டால், அந்நோயைப் பற்றிச் சாதாரண மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுட் பல அவ்வரிசையிலேயே கிடைத்துவிடும்.

விஞ்ஞானி ஒருவர் ஒன்றைக் கண்டறிந்ததும் அதனைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆராய்ச்சிச் சஞ்சிகைக்கு அனுப்புகின்றார். சஞ்சிகையின் ஆசிரியர் அதனை அத்துறையில் வல்லவர்களிடம் கொடுத்துக் குறை காணச் செய்கின்றார். அவர்கள் எழுப்பும் வினாக்களுக்கு விடை கூறி, திருத்தம் செய்த பின்னரே கட்டுரை அச்சேறும். அச்சேறியதோடு அதன் வாழ்வு முடிந்துவிடுவதுமில்லை. பிற நாட்டார் அதனைப் படித்து, அதே சோதனையைத் தம் ஊரிற் செய்து பார்த்து, ஒப்புவர் அல்லது மறுப்பர். இவ்வாறு ஒருவர் வெளியிட்ட கட்டுரைகளைக் காலமுறையில் அடுக்கி வைத்தால் கிடைப்பதே அவருடைய வெளியீட்டு வரிசை.

இவ்வரிசையைப் பலரும் எண்ணிக்கையாற் கணக்கிடுகின்றனர். இன்னார் நூறு கட்டுரை எழுதினார், இன்னார் முந்நூறு எழுதினார் என்பர். 2005ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஹர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் ஒருவகை எண்ணைக் கணித்துக் காட்டினார். ஒருவருடைய கட்டுரைகளுள் இருபது கட்டுரைகள், ஒவ்வொன்றும் இருபது முறையேனும் பிறரால் எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய எண் இருபது. இவ்வெண் ஓரளவு பயன்படும். ஆயினும் பாட்டின் தொகையை எண்ணிப் புலவனை அளக்க இயலாதவாறே, கட்டுரையின் தொகையை எண்ணி ஆராய்ச்சியாளரை அளக்க இயலாது. முதற் கட்டுரையில் எழுந்த வினா யாது, அது அடுத்த கட்டுரையில் எங்கே சென்றது, யார் யாரைத் துணை சேர்த்துக்கொண்டது, எவருடைய மறுப்பைச் சந்தித்தது என்று பார்ப்பதே பயன்தரும் படிப்பு.

மறதி நோயைப் பற்றிய அறிவு இரண்டு துறைகளிலிருந்து வந்தது. அவற்றுள் ஒன்று மூளை நரம்பியல். 1906ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஜெர்மனியின் தூபிங்கன் நகரில் அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். 1901ஆம் ஆண்டில், தம் 51ஆம் வயதில், நினைவு குழம்பிய நிலையில் பிராங்பேர்ட் ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டு, 1906ஆம் ஆண்டு ஏப்ரலில் இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, அங்கே கண்ட படிவுகளையும், நரம்பணுக்களுக்குள்ளே முறுக்கேறிக் கிடந்த இழைகளையும் அவர் விவரித்தார். அவர் பெயராலேயே அந்நோய் இன்றும் வழங்குகின்றது.

மற்றொரு துறை முதியோர் மருத்துவம். 1909ஆம் ஆண்டில் நியூயோர்க் நகர மருத்துவர் இக்னாஸ் நாஷர் அதற்கு ‘ஜெரியாற்றிக்ஸ்’ என்று ஆங்கிலத்திற் பெயரிட்டார். 1935ஆம் ஆண்டளவில் லண்டன் நகரை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் மார்ஜரி வாரன் அம்மையார், இனிப் பயனில்லையென்று படுக்கையிலே விடப்பட்டிருந்த முதியோரை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, பலரை எழுப்பி நடக்கச் செய்து, சிலரை வீட்டுக்கும் அனுப்பி வைத்தார். முதுமை வேறு, நோய் வேறு என்று அவர் செயலாற் காட்டினார்.

இவ்விரு துறையாரும் நெடுங்காலம் தனித்தனி வழியிலே சென்றனர். மூளையின் திசுவில் என்ன நிகழ்கின்றது என்று முன்னவர் கேட்டனர். இம்மூதாட்டி தானே எழுந்து முகம் கழுவிச் சோறுண்ண வல்லவளா என்று பின்னவர் கேட்டனர். முன்னவர்க்கு 1878இல் தோன்றிய ‘பிரெயின்’ போன்ற சஞ்சிகைகள் இருந்தன. பின்னவர்க்கு 1972இல் தோன்றிய ‘ஏஜ் அண்ட் ஏஜிங்’ போன்ற சஞ்சிகைகள் ஏற்பட்டன. ஆயினும் மறதி நோயாளி ஒருவரின் எதிரே அமரும் மருத்துவர்க்கு இவ்விரண்டு வினாக்களும் ஒருங்கே தோன்றும். அவ்வாறு இரண்டையும் ஒரே வரிசையில் இணைத்துக் காட்டும் ஆராய்ச்சியாளர் ஒருவர் நம் அண்டை நாட்டிலே உள்ளார். பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தில் நரம்பியற் பேராசிரியராக விளங்கும் சுவர்ணா அல்லாடி அம்மையாரே அவர்.

அவருடைய வரிசையில் முதலில் நிறுத்திப் பார்க்கத்தக்கது 2007ஆம் ஆண்டில் ‘பிரெயின்’ சஞ்சிகையில் வெளியான கட்டுரை. கேம்பிரிட்ஜ் நகரில் ஜோன் ஹொட்ஜஸ் தலைமையில் இயங்கிய குழுவினருடன் சேர்ந்து எழுதியது அது. மூளையின் ஏதோ ஒரு பகுதி மட்டும் முதலிற் பழுதுற்றமையால், சிலர்க்குப் பேச்சுக் குலைகின்றது. சிலர்க்குக் கண் நன்றாயிருந்தும் கண்ட பொருளை இன்னதென்று அறிய முடிவதில்லை. சிலர்க்குக் குணமே மாறுகின்றது. இத்தகைய நோயாளர் இறந்த பின்னர் அவர்கள் மூளையை ஆராய்ந்தபோது, கணிசமானோர்க்கு இருந்தது அல்சைமர் நோயே என்று தெரிந்தது. மறதியே இல்லாமலும் மறதி நோய் தொடங்கலாம் என்பது இக்கட்டுரையின் சாரம். இது முழுக்க முழுக்க மூளை நரம்பியலைச் சார்ந்த வேலை.

அதே 2007ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொரொன்டோ நகரிலிருந்து மற்றொரு கட்டுரை வந்தது. எலன் பியலிஸ்டொக் என்னும் உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் 184 நோயாளரின் பதிவுகளைப் பார்த்து, இரு மொழி பேசுவோர்க்கு மறதி நோயின் அறிகுறிகள் ஒரு மொழி மட்டும் பேசுவோரைக் காட்டிலும் ஏறத்தாழ 4 ஆண்டுகள் பிந்தித் தோன்றுகின்றன என்றனர். செய்தி வியப்பைத் தந்தது. உடனே ஐயமும் எழுந்தது. டொரொன்டோவில் இரு மொழி பேசுவோருட் பலர் வேற்று நாட்டிலிருந்து குடியேறியவர்கள். கடல் கடந்து சென்று பிழைக்கத் துணிந்தோர் இயல்பிலேயே உடல்வலியும் மனவலியும் உடையவராக இருக்கலாம். ஆகவே நன்மை செய்தது மொழியா, குடியேற்றமா என்று பிரித்தறிய முடியவில்லை.

அதைப் பிரித்தறியத்தக்க ஊர் ஐதராபாத். அங்கே தெலுங்கும் உருதும் இந்தியும் தெருவிலே கலந்து ஒலிக்கின்றன. இரு மொழி பேசுவதற்கு எவரும் நாடு விட்டு நாடு போகவேண்டியதில்லை, பள்ளிக்கூடம் போகவேண்டியதுமில்லை. சந்தைக்குப் போனாற் போதும். அந்நகரின் நிசாம் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் அக்காலத்திற் பணியாற்றிய சுவர்ணா அல்லாடி அம்மையார், எடின்பரோவைச் சேர்ந்த தோமஸ் பாக், மொழியியல் அறிஞர் துக்கிராலா வசந்தா முதலியோருடன் சேர்ந்து, நினைவுச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 648 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்தார். அவர்களுள் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோர். முடிவு 2013ஆம் ஆண்டில் ‘நியூரொலொஜி’ சஞ்சிகையில் வெளிவந்தது.

ஒரு மொழியினர்க்கு நோய் தொடங்கிய சராசரி வயது 61.1. பன்மொழியினர்க்கு 65.6. இடைவெளி 4.5 ஆண்டுகள். எழுதப் படிக்கத் தெரியாதவரை மட்டும் தனியே பிரித்து நோக்கியபோதும் இடைவெளி மறையவில்லை; ஏறத்தாழ 6 ஆண்டுகளாக இருந்தது. ஆகவே இந்நன்மை கல்வியின் நிழல் மட்டுமன்று என்று கட்டுரை வாதித்தது. மூன்றாம் மொழி, நான்காம் மொழி பேசுவதால் மேலும் நன்மை காணப்படவில்லை என்பதையும் அதே கட்டுரை ஒளியாது கூறியது.

இதற்குக் காரணம் யாதாக இருக்கலாம்? 1988ஆம் ஆண்டில் ரொபர்ட் காட்ஸ்மன் என்பாரும் அவர் தோழரும், இறந்துபோன முதியோர் சிலரின் மூளையில் அல்சைமர் நோயின் படிவுகள் நிறைந்திருந்தும் அவர்கள் உயிரோடிருந்த நாளில் அறிவு தெளிவாகவே இருந்ததைக் கண்டு எழுதினர். களஞ்சியத்திற் கூடுதலாக நெல் வைத்திருப்பவன் ஒரு போகம் பொய்த்தாலும் பட்டினி கிடப்பதில்லை. அவ்வாறே மூளையிலும் ஒரு சேமிப்பு உண்டு என்று அறிஞர் கருதுகின்றனர். இரு மொழி பேசுபவர் ஒவ்வொரு கணமும் ஒரு மொழியை அடக்கி மற்றொன்றை எழுப்புகின்றார்; எதிரே நிற்பவர் யார் என்று நோக்கிச் சொல்லைத் தேர்கின்றார். வாழ்நாள் முழுவதும் நடைபெறும் இந்தப் பயிற்சி அச்சேமிப்பைப் பெருக்குகின்றது என்பது அவர்கள் கொள்கை. மொழி நோயைத் தடுப்பதில்லை. நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் போதே அறிகுறி வெளிப்படுவதைப் பிற்படுத்துகின்றது.

இதன் பின்னர் வந்த கட்டுரைகள் அதே வினாவைப் பிற நோய்களிடம் கேட்டன. 2016ஆம் ஆண்டில் ‘ஸ்ட்ரோக்’ சஞ்சிகையில் வெளியான ஆய்வு, மூளை இரத்தக் குழாய் அடைப்பினாற் பாதிக்கப்பட்ட 608 பேரைப் பற்றியது. அவர்களுட் பன்மொழியினரில் 40.5 விழுக்காட்டினர் அறிவாற்றல் குன்றாமல் மீண்டனர். ஒரு மொழியினரில் 19.6 விழுக்காட்டினரே அவ்வாறு மீண்டனர். ஆனால் பேச்சிழத்தல் இரு சாராரிடமும் ஒத்த அளவிலேயே காணப்பட்டது. 2017ஆம் ஆண்டுக் கட்டுரையும் இதற்கு இயைந்தே நின்றது. மூளையின் முன்பகுதி தேய்ந்து குணம் மாறும் நோயில் மொழியின் நன்மை தென்பட்டது. பேச்சுக் குலையும் வகையில் தென்படவில்லை. தம் கொள்கைக்கு எல்லை எங்கே என்பதையும் அதே வரிசை குறித்து வைத்திருத்தல் கவனிக்கத்தக்கது.

பிறர் கூறிய மறுப்பையும் கேட்டால்தான் கதை முழுமை பெறும். நியூயோர்க் நகரின் வட பகுதியில் ஸ்பானிய மொழி பேசும் முதியோர் 1,067 பேரை, நலமாயிருந்த காலந்தொட்டு நெடுங்காலம் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆய்வு ஒன்று 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆங்கிலமும் அறிந்தவர்க்கு நினைவாற்றல் தொடக்கத்திற் சற்று மேலாக இருந்ததாயினும், அவர்களுக்கு நோய் குறைந்து வந்ததாக அவ்வாய்வு காணவில்லை. 2017ஆம் ஆண்டில் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கியபோதும், நலமுள்ளோரை முன்னோக்கித் தொடர்ந்த ஆய்வுகளில் மொழியின் காவல் வெளிப்படவில்லை என்றே எழுதினர்.

இம்முரண்பாட்டைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. ஐதராபாத் ஆய்வு, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றியது. நோய் எப்போது தொடங்கியது என்பதை உறவினர் நினைவு கூர்ந்து சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு வராதவர் எத்தகையோர் என்பது அதில் இல்லை. நியூயோர்க் ஆய்வு முதலிலிருந்தே தொடர்ந்தது. ஆயினும் அங்கே இரண்டாம் மொழி, குடியேறிய பின் கற்ற மொழி. ஐதராபாத்தில் அது பிள்ளைப் பிராயத்திலிருந்து வாயில் ஊறிய மொழி. ஊரும் வேறு, முறையும் வேறு. வினா இன்னும் தீரவில்லை என்று ஒப்புக்கொண்டு மேலே செல்வதே விஞ்ஞான நெறி. இரு மொழி பேசினால் மறதி வாராது என்று முழங்குவோர் அக்கட்டுரைகளைச் சரிவரப் படித்தவராகார்.

இனி, மாத்தளை மாவட்டத்தை நோக்குவோம். எல்கடுவை மலைச்சரிவிலோ இரத்தோட்டைப் பக்கத்திலோ ஒரு தோட்டத்து லயத்தில் எழுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். பள்ளிக்கூடம் அறியாத பருவத்திலேயே கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர். வீட்டிலே தமிழ், மாத்தளைச் சந்தையிலே சிங்களம் என்று இரண்டையும் தடையின்றிப் பேசுபவர். ஐதராபாத் ஆய்வு சொல்லும் எழுத்தறியாப் பன்மொழியினரைப் போன்றவரே இவரும். இவருடைய நினைவு எவ்வாறுள்ளது என்பதை மருத்துவர் எக்கருவி கொண்டு அளப்பார்?

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் போல்ஸ்டீன் என்பாரும் அவர் தோழரும் வகுத்த முப்பது புள்ளிச் சோதனை உலகெங்கும் பரவியுள்ளது. இன்று என்ன திகதி? நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்க. இதில் எழுதியுள்ளதைப் படித்து அவ்வாறு செய்க. ஒரு வாக்கியம் எழுதுக. பின்னியிருக்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைக. இவையே அதன் வினாக்களுட் சில. எழுதுகோலைப் பிடித்தறியாத நம் மூதாட்டி இவற்றிற் பலவற்றுக்கு விடை கூற மாட்டார். திகதியை அவர் அறியாமலிருக்கலாம். ஆனால் சம்பள நாள் எப்போது, முத்துமாரியம்மன் தேர் எப்போது என்று கேட்டால் பிழையின்றிச் சொல்வார். புள்ளியை மட்டும் பார்ப்பவர், கல்வி வாய்க்காத குறையை நோயென்று எழுதிவிடுவார்.

இதற்கு நேர் எதிரான தவறும் நம்மிடையே உண்டு. மூதாட்டிக்கு உண்மையிலேயே நோய் தொடங்குகின்றது. கறிக்கு இருமுறை உப்பிடுகின்றார். நாற்பது ஆண்டு நடந்த பாதையில் வழி தவறுகின்றார். வைத்த காசைக் காணாமல் மருமகளைச் சந்தேகிக்கின்றார். வீட்டாரோ, “வயது போனால் அப்படித்தான்” என்று சொல்லி விட்டுவிடுகின்றனர். முதல் தவறு நோயில்லாதவரை நோயாளி ஆக்குகின்றது. இரண்டாம் தவறு நோயாளியைப் பராமரிப்பின்றி விட்டுவிடுகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே சரியான அளவுகோல் ஒன்று தேவை.

அவ்வளவுகோலைத் தேடிய முயற்சி ஒருவரோடு நின்றதன்று. வட இந்தியாவில் பல்லப்கர் என்னும் கிராமப் பகுதியில், மேரி கங்குலி என்பாரும் அவர் தோழரும், எழுத்தறியாதோர்க்கு ஏற்ற இந்திச் சோதனை ஒன்றை 1995ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எழுதியதைப் படித்துக் கண்ணை மூடு என்பதற்குப் பதிலாக, நான் செய்வது போலச் செய் என்று சொல்லிச் சோதிப்பவர் தம் கண்ணை மூடிக் காட்டினார். கணக்குக்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லக் கேட்டனர். சோதிக்கப்படும் ஆற்றல் மாறவில்லை. அதை வெளிக்கொணரும் வழி மட்டும் மாறியது.

இலங்கையிலும் இவ்வேலை நடைபெற்றுள்ளது. களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் அமைந்துள்ள ராகமையில், அசித்த டி சில்வா என்பாரும் அவர் குழுவினரும் முதலில் அந்த முப்பது புள்ளிச் சோதனையைச் சிங்களத்தில் அமைத்துச் சரிபார்த்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னர் அக்கருவியைக் கொண்டு 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரைச் சோதித்து, அவர்களுள் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர்க்கு மறதி நோய் உண்டென்று 2003ஆம் ஆண்டில் அறிவித்தனர். அளவுகோல் முன்னும் அளவை பின்னுமாக வெளியான இவ்விரு கட்டுரைகளின் ஒழுங்கே ஒரு பாடமாகும். தமிழ் நாட்டில் செங்கற்பட்டை அடுத்த திருப்போரூர்க் கிராமப் பகுதியில் நடந்து 1997இல் வெளியான ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டோருள் 3.5 விழுக்காட்டினர்க்கு நோய் காணப்பட்டது.

சுவர்ணா அல்லாடி அம்மையாரின் வரிசை பின்னாளில் இத்திசையிலேயே திரும்பிற்று. கேம்பிரிட்ஜில் உருவாகிய விரிவான நினைவுச் சோதனை ஒன்றைத் தமிழ் உட்பட ஏழு மொழிகளில் அமைத்துச் சரிபார்த்த கட்டுரை 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், எழுத்தறிந்தோர்க்கும் அறியாதோர்க்கும் தனித்தனியே பொருந்துமாறு ஐந்து மொழிகளில் வகுத்த சோதனைத் தொகுதி பற்றிய கட்டுரையும் அவ்வாண்டிலேயே வந்தது. மூளைத் திசுவை நோக்கிய வினாவிலிருந்து புறப்பட்ட வரிசை, பள்ளி காணாத ஒரு முதியவரை எவ்வாறு நியாயமாகச் சோதிப்பது என்னும் வினாவை வந்தடைந்துள்ளது. நரம்பியலும் முதியோர் மருத்துவமும் சந்திக்கும் இடம் இதுவே.

ஆனால் ஓர் எச்சரிக்கை இங்கே வேண்டப்படும். தமிழ் நாட்டில் அமைத்த சோதனையை அப்படியே எடுத்துவந்து மலையகத்தில் வைத்தல் போதாது. அங்கே வழங்கும் சொல் வேறு, இங்கே லயத்தில் வழங்கும் சொல் வேறு. படத்திற் காட்டும் பொருள் இவ்வூர் மூதாட்டி கண்டறியாத பொருளாயின், பெயர் சொல்லாமை நோயின் குறியாகாது. தோட்டத்துத் தமிழும், மாத்தளை முஸ்லிம் மக்களின் தமிழும், சிங்கள அயலாரின் பேச்சும் அறிந்தவரே இங்குள்ள அளவுகோலைச் சீர்செய்ய வல்லவர். மருத்துவரோடு ஆசிரியரும் மொழியறிந்தாரும் தோட்டத்துச் சுகாதார ஊழியரும் உடன் அமர வேண்டிய வேலை இது.

இவ்வேலை அவசரமானது என்பதைக் குடிசன மதிப்பீடு உணர்த்தும். இலங்கை மக்களுள் 60 வயது கடந்தோர் 1981ஆம் ஆண்டில் 6.6 விழுக்காட்டினராயிருந்தனர், 2012ஆம் ஆண்டில் 12.4 விழுக்காட்டினராயினர். முப்பத்தோராண்டில் பங்கு ஏறக்குறைய இரட்டித்தது. பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் சென்றுவிட, முதியோர் தனித்திருக்கும் வீடுகள் நாம் அறிந்தவையே.

அப்படியாயின் வீட்டில் இருப்போர் செய்யத்தக்கது யாது? முதலாவது, முதியவரின் நினைவில் புதிதாக மாறுதல் கண்டால், வயதின் மேற் பழி போடாமல் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லுதல். மறதிபோலத் தோன்றும் எல்லாம் மீளா நோய் அல்ல. தைரொயிட் சுரப்புக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவையும் நினைவைக் குலைக்கும். இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. ஓரிரு நாளிலேயே திடீரெனப் பிதற்றலும் குழப்பமும் தோன்றினால் அது பெரும்பாலும் உடலில் வேறொரு நோயின் அடையாளம், தாமதம் கூடாது. இரண்டாவது, அவர் பள்ளி சென்றவரா, எம்மொழியில் நன்கு பேசுவார், முன்பு எவ்வேலைகளைத் தாமே செய்தார், இப்போது எதனைச் செய்ய இயலவில்லை என்பவற்றை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுதல். புள்ளிச் சோதனை சொல்லாததை இச்செய்தி சொல்லும்.

மூன்றாவது, வருமுன் காத்தல். ஜில் லிவிங்ஸ்டன் அம்மையார் தலைமையில் அறிஞர் குழு ஒன்று 2024ஆம் ஆண்டில் ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளியிட்ட அறிக்கை, மாற்றத்தக்க காரணங்கள் பதினான்கை எண்ணிக் காட்டியது. உலகில் ஏற்படும் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காடு இவற்றோடு தொடர்புடையது என்பது அவர்கள் மதிப்பு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், அளவு மீறிய மது, கவனிக்கப்படாத செவிக்குறை, பார்வைக்குறை, தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். அப்பட்டியலில் இளமையிற் கல்வி குறைதலும் ஒன்று. ஒரு பிள்ளை ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு நிற்கும்போது, அதன் விலையை அப்பிள்ளை எழுபதாம் வயதிலும் கொடுக்க நேரலாம். இரு மொழி கற்றல் பற்றிய வாதம் தீர எத்தனை ஆண்டுகள் ஆயினும் ஆகுக. அயலான் மொழியைக் கற்பதனால் இழப்பு எவர்க்கும் இல்லை.

ஆராய்ச்சியாளரின் வெளியீட்டு வரிசை தனியொருவர் புகழ்ப்பட்டியலன்று என்பது இதனாற் புலப்படும். டொரொன்டோ கேட்ட வினாவுக்கு ஐதராபாத் விடை கூறிற்று; நியூயோர்க் மறுத்தது; பல்லப்கரும் ராகமையும் அளவுகோல் அமைத்தன. ஒவ்வொரு கட்டுரையும் அடுத்தவர் ஓதித் திருத்துவதற்காக எழுதி வைத்த ஓர் ஏடு.

அலுவிகாரைப் பாறையிடுக்கில் அமர்ந்த துறவியர், தம் நினைவு தம்மோடு அழிந்துவிடலாகாது என்று எழுதினர். தோட்டத்து லயத்தில் நினைவு தளரும் மூதாட்டிக்கு எழுத்தில்லை. அவர் கதையை ஏட்டில் ஏற்றுவோர் மருத்துவரும் வீட்டாருமே. அவருடைய பெயரை, வயதை, மொழியை, அவர் செய்து வந்த வேலையை, மாறுதல் தோன்றிய நாளை வீட்டார் ஒரு தாளிற் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வாராயின், அதுவே அவ்வேட்டின் முதல் வரியாகும்.